மாமி தொடாத கோப்பை

அம்மா இன்னும் படுக்கவில்லை. அதனால் மெதுவாகத்தான் சொல்லுவேன். விறாந்தையில் கதிரையைப் போட்டு வாசல் படலையைப் பார்த்தபடி இருக்கிறாள். நான் அறைக்குள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கிடக்கிறேன். இடது கன்னம் இன்னும் எரிகிறது.

போன கிழமை கதையை டிலோன் அண்ணா வந்திறங்கிய இடத்தில் விட்டேன். சண்டை ஓய்ந்து பாதை திறந்த பிறகு முதல் தடவையாக, நுவரெலியாப் பக்கத்து மலையிலிருந்து ஊர்காவற்றுறைக்கு வந்திருந்தான். கூடவே ஒரு சிநேகிதனும், சிநேகிதனின் தங்கச்சி றெஜினாவும். தீவுக் கருவாட்டை மலைநாட்டுக்கு அனுப்பி வியாபாரம் செய்ய வழி பார்க்க வந்தவர்கள் என்று அம்மா அப்பாவுக்குச் சொன்னான்.

எனக்கு மட்டும் கிணற்றடியில் வைத்து மிச்சத்தைச் சொன்னான். றெஜினா அவனுடைய மனுசி. தை மாதமே அவர்களுடைய தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் கல்யாணம் முடிந்துவிட்டது.

"மாமியாக்கள் வந்திட்டுப் போகட்டும் ஜொய்சி. நானே அப்பாவுக்குச் சொல்லுறன். அதுக்கிடையிலை நீ வாய் திறக்கக்கூடாது."

மாமியாக்கள் எதற்கு வருகிறார்கள் என்று அவனுக்குத் தெரியும். பிலோமின மாமி அப்பாவின் அக்கா. தன் மகள் ஜெயந்தாவை அண்ணாவுக்குப் பேசி முடிக்கத்தான் பாஷையூரிலிருந்து வாடகை வான் பிடித்து வருகிறாள். இது தெரிந்தும், இன்று விடியவே, றெஜினாவின் அண்ணனான அந்த மச்சானைக் கூட்டிக்கொண்டு எழுவைதீவுக்குக் கருவாடு பார்க்க வள்ளம் ஏறிவிட்டான். சோளகக் காற்று, பொம்பிளையள் வேண்டாம் என்று றெஜினாவை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனான்.

அவன் தலைக்கறுப்பு மறைந்ததும் எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்லுவேன்? கல்யாணம் கட்டினது அவன். நெஞ்சு பதறுவது எனக்கு.

காலையில் பிரச்சினையைத் தொடக்கியது அம்மாதான்.

அண்ணா வேலை செய்யும் தொழிற்சாலைத் தேயிலை ஒரு பச்சைத் தகரப் பேணியில் வந்திருந்தது. ஆறாயிரம் அடிக்கு மேலே, எப்போதும் முகில் மூடிக் கிடக்கிற மலையில் விளைவது. மருந்தும் அடிப்பதில்லை, கடை உரமும் போடுவதில்லை. ஊலோங் என்று பெயர். அவ்வளவும் வெளிநாட்டுக்குத்தான் போகிறதாம்.

"ஊலோங்கோ? நாய் ஊளையிடுற மாதிரியெல்லோ கிடக்குப் பேர்" என்று அப்பா சிரித்தார். அண்ணா விலையைச் சொன்னதும், "போடா, புழுகன்" என்றார்.

அம்மா சிரிக்கவில்லை. பேணியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். மாமி வந்தால் எப்போதும் கனடாக் கதைதான். மகன் அனுப்பின மிக்ஸி, மகன் அனுப்பின சப்பாத்து. இந்தத் தடவை அம்மாவிடமும் காட்ட ஒன்று இருந்தது.

"மச்சாள் குடிக்க முன்னம் ஒருக்காப் போட்டுப் பாப்பம்" என்று மாமியை நினைத்துக் காலமை குசினிக்குள் பேணியைத் திறந்தாள்.

உள்ளே தேயிலை தூளாக இல்லை. மிளகு மாதிரி, சுருண்ட கரும்பச்சை உருண்டைகள். அம்மா ஒரு கை அள்ளிக் கேத்தலுக்குள் போட்டாள். எங்கள் வீட்டில் எப்படிச் செய்வோமோ அப்படியே கொதிக்கக் கொதிக்க விட்டாள். மாப்பால் கரைத்து ஊற்றினாள். சீனியும் போட்டாள்.

கொஞ்ச நேரத்தில் கேத்தல் மூடி தானாக எழும்பியது. உருண்டையெல்லாம் விரிந்து முழு இலையாகி மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. வடியில் ஊற்றினால் ஒரு சொட்டும் இறங்கவில்லை.

"இதென்ன கோதாரி! தேயிலையோ முருங்கையிலையோ?"

வாசலில் நின்ற றெஜினாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையால் வாயைப் பொத்தினாள். அம்மா கண்டுவிட்டாள்.

"ஏன் பிள்ளை சிரிக்கிறாய்? எங்களுக்குத் தேத்தண்ணி போடத் தெரியாதெண்டோ?"

"இல்லீங்கம்மா. இதுக்குப் பால் ஆகாதுங்க. சீனியும் வேணாம். கொதிச்ச தண்ணிய கொஞ்சம் ஆற விட்டு ஊத்தணும்."

"பாலும் இல்லை, சீனியும் இல்லையெண்டால் அதைப் பிறகேன் குடிப்பான்? மச்சாள் போய் ஊரெல்லாம் சொல்லுவா, இந்த மரியநாயகி வீட்டிலை சீனி வாங்கவும் வழியில்லையெண்டு."

"ஒரு தடவை நான் போட்டுக் காட்டட்டுங்களா?"

அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். காலையில் பூசைக்குப் போனபோது றெஜினா எல்லாச் செபமும் பிசகாமல் சொன்னது அம்மாவுக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னாள்.

"சரி, போடு. பழுதாக்கினாயெண்டால் பாத்துக்கொள்."

எங்கள் கிணற்றுத் தண்ணீர் சவர். நான் சைக்கிளில் போய்க் கோயில் கிணற்றில் நல்ல தண்ணீர் அள்ளி வந்தேன். றெஜினா தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கினாள். உருண்டைகளைப் போட்டு, கொஞ்சம் ஊற்றி, உடனேயே அதை வெளியில் ஊற்றிவிட்டாள்.

"ஐயோ, முதல் சாயத்தைக் கொட்டுறாளே!"

"இது இலையக் கழுவின தண்ணிங்கம்மா."

மறுபடி ஊற்றி மூடி வைத்தாள். கோப்பையில் வந்தது தேத்தண்ணியின் நிறமே இல்லை. தேன் மாதிரி மஞ்சள். நான் குடித்துப் பார்த்தேன். சீனி இல்லை, ஆனால் கசக்கவும் இல்லை. மல்லிகைக்குக் கிட்டப் போனால் ஒரு மணம் வருமே, அதுபோல ஒன்று தொண்டையில் நின்றது.

அம்மாவும் ஒரு வாய் குடித்தாள்.  "பின்னேரமும் நீயே போடு" என்றாள். அம்மாவிடம் அதற்கு மேல் ஒருவரும் எதிர்பார்க்க முடியாது.

அம்மா வடைக்கு உழுந்து அரைக்கப் போனதும் நான் றெஜினாவிடம் கெஞ்சினேன்.

"மச்சாள், மாமி எந்த ஊரெண்டு கேட்டால் கண்டிப் பட்டணம் எண்டு சொல்லுங்கோ. தோட்டம் எண்டு சொல்லிப்போடாதேங்கோ."

அவள் கழுவிக்கொண்டிருந்த கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஏன், தோட்டம்னா என்ன?"

 தோட்டத்துச் சனமென்றால் எங்கள் ஊருக்கு இளக்காரம் என்று எனக்குத் தெரியும். அதை அவளுடைய முகத்துக்கு நேரே சொல்ல வாய் வரவில்லை.

"உங்க அண்ணனும் இதையேதான் பஸ்ஸுல வரும்போது சொல்லிட்டு வந்தாரு. கல்யாணத்தை மறைக்கச் சொன்னாரு, சரின்னேன். இப்ப எங்க அம்மாவையும் மறைக்கணுமா?"

அவள் சத்தம் போடவில்லை. ஆனால் கோப்பையை மறுபடி எடுத்து, தேய்த்த இடத்தையே தேய்த்துக்கொண்டிருந்தாள்.

மாமி மூன்றரைக்கு வந்தாள். நெஞ்சுவரை சங்கிலி. பின்னால் வின்சன்ற் மாமா, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். பாவம், அவர் மாமி உட்காரச் சொல்லும்வரை உட்காரமாட்டார்.

"எங்கை மாப்பிளை?"

"எழுவைதீவுக்குப் போனவன் அக்கா. இப்ப வந்திடுவான்" என்றார் அப்பா.

"பொம்பிளை வீட்டார் வாற நாளிலை கருவாடு பாக்கப் போயிட்டானோ? நல்ல மாப்பிளைதான்." மாமி வடையை எடுத்தாள். "கனடாவிலை இருக்கிறவன் நேற்றும் கோல் எடுத்தவன். கலியாணத்தைக் கெதியா முடியுங்கோ அம்மா, டிலோனை நான் இஞ்சாலை எடுக்கிறன் எண்டு சொன்னவன்."

அப்பாவின் முகம் மலர்ந்தது. நேவிக்காரனிடம் பாஸ் எடுத்து, அவன் சொன்ன நேரத்துக்குத்தான் கடலுக்குப் போய் வருகிற மனிதர். மகன் கனடாவுக்குப் போவான் என்றால் அவருக்கு வேறு என்ன வேண்டும்?

"மச்சாள், இண்டைக்கு உங்களுக்கு வேறை ஒரு தேத்தண்ணி தாறன்" என்றாள் அம்மா. குரலில் ஒரு மிதப்பு. "ஜொய்சி, கொண்டா."

நான் குசினிக்குள் போய்த் தட்டத்தைத் தூக்கினேன். கோப்பைகள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன.  றெஜினா தட்டத்தை என்னிடமிருந்து வாங்கினாள்.

"நீ கொட்டிடுவ. நான் கொண்டு போறேன்."

நான் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை.

வின்சன்ற் மாமா கோப்பையை மூக்கடியில் பிடித்தார். "அருமையான மணம், என்ன?"

"அந்த மாதிரித் தேயிலை" என்றாள் அம்மா. "வெள்ளைக்காரன் குடிக்கிறது."

மாமி கோப்பையைக் கையில் எடுத்தபடி றெஜினாவைப் பார்த்தாள்.

"இது ஆர் பிள்ளை?"

"டிலோன்ரை சிநேகிதன்ரை தங்கச்சி" என்றார் அப்பா.

"எவடம்?"

நான் கதவுக்குப் பின்னால் நின்று மாதாவே மாதாவே என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"நுவரெலியாவுக்கு மேலேங்க. தோட்டம்."

"தோட்டமெண்டால்? கொப்பர் தோட்டத்திலை கிளாக்கரோ?"

"அப்பா இல்லீங்க. அம்மா கொழுந்து எடுக்கிறாங்க. நான் தொழிற்சாலையில கொழுந்து வாட்டுற பக்கம் வேலை செய்யிறேன். இந்தத் தேயிலையும் எங்க கையில வந்ததுதான்."

"இதை ஆர் ஊத்தினது?"

"நான்தாங்க."

மாமி கோப்பையைத் தட்டத்தில் திருப்பி வைத்தாள். ஒரு சொட்டும் குடிக்கவில்லை. மாமா இன்னும் மணம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"வையுங்கோ அதை" என்றாள்.

அவரும் வைத்தார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் தேத்தண்ணி குடிப்பது தாகத்துக்கு இல்லை. குடித்தால், நீங்களும் நாங்களும் ஒன்று. குடிக்காமல் வைத்தால், நீங்கள் எங்களுக்குக் கீழே. ஒருவரும் வாயால் சொல்வதில்லை. கோப்பையே சொல்லிவிடும். சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும்.

"என்ன மச்சாள், குடிக்கேல்லை?" என்றாள் அம்மா.

"வயித்துக்கை ஒரு மாதிரிக் கிடக்கு மரியநாயகி."

"இப்பதானே மூண்டு வடை சாப்பிட்டனீங்கள்?"

மாமா இருமினார். மாமியின் முகம் கறுத்தது. "வேணுமெண்டால் நீர் ஒரு தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வாரும், குடிக்கிறன்."

அந்த இடத்தில் றெஜினா உள்ளே வந்திருக்கலாம். அவள் அசையவில்லை.

"பேணிக்குள்ள தூளா வந்தா குடிப்பீங்க. அதைப் பறிச்ச கையே முன்னால வந்து நின்னா வயிறு வலிக்குமாங்க?"

அப்பா எழும்பிவிட்டார். "வாயை மூடு பிள்ளை! உள்ளுக்குப் போ!"

"பாத்தியே சவிரி?" மாமி அப்பாவிடம் திரும்பிச் சங்கிலியை இழுத்துவிட்டுக்கொண்டாள். "உன்ரை விறாந்தையிலை வைச்சு ஒரு தோட்டக்காட்டுப் பெட்டை எனக்கு வாய் காட்டுறாள். உவளைக் குசினிக்கை விட்டது ஆர்? உவள் தொட்ட ஏனத்திலையோ நீங்களும் சாப்பிடுறனீங்கள்?"

அப்பா தன் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தார். பிறகு அதையும் தட்டத்தில் வைத்தார். என் அப்பா, காலையில் அதே தேத்தண்ணியை இரண்டு தடவை வாங்கிக் குடித்த மனிதர்.

அம்மா அதைப் பார்த்தாள். அப்பா கோப்பையை வைத்ததைத்தான் பார்த்தாள்.

"மச்சாள்" என்றாள். குரல் தாழ்ந்திருந்தது. அம்மா கத்தினால் எனக்குப் பயமில்லை. தாழ்ந்தால்தான் பயம். "என்னைப் பொம்பிளை கேட்டு எங்கடை வீட்டுக்கு வந்தனீங்கள், ஞாபகமிருக்கே? எங்கடை அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து தந்தவ. அண்டைக்கும் இப்பிடித்தான் வைச்சனீங்கள். அண்டைக்குத் தொண்டை நோ. இண்டைக்கு வயிறு."

"இதென்ன பழங்கதை?"

"எங்கடை அம்மா சாகுமட்டும் அதைச் சொல்லிச் சொல்லி அழுதவ. இவர் அண்டைக்குக் குடிச்சவர். உங்களுக்கு முன்னாலை, வேணுமெண்டு குடிச்சவர். அதாலைதான் நான் இவருக்குக் கழுத்து நீட்டினனான்." அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "இண்டைக்கு என்ரை வீட்டிலையே வைச்சிட்டியள், என்ன?"

"மரியநாயகி, பொத்து வாயை" என்றார் அப்பா. ஆனால் குரலில் பலம் இல்லை.

"இது என்ரை குசினியிலை ஊத்தினது. ஆர் ஊத்தினாலும் என்ரை வீட்டுத் தேத்தண்ணி."

மாமி வைத்த கோப்பையை எடுத்தாள். நின்றபடியே, அடிவரைக்கும் குடித்தாள். வெறும் கோப்பையை மாமிக்கு முன்னால் கவிழ்த்து வைத்தாள்.

பிறகு நடந்ததெல்லாம் சத்தம்தான். மாமி படலைவரை ஏசிக்கொண்டே போனாள். "டிலோனுக்கு வேறை இடம் பாருங்கோ! உந்தத் தோட்டத்திலையே பாருங்கோ!" என்று ஒழுங்கைக்கே கேட்கக் கத்தினாள். வின்சன்ற் மாமா வாழைப்பழத்தைத் திருப்பி எடுப்பதா விடுவதா என்று தெரியாமல் நின்று, கடைசியில் எடுத்துக்கொண்டு போனார். அப்பா சேட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு, "அக்கா நில்லணை, நானும் வாறன்" என்று வானுக்குள் ஏறிவிட்டார். அம்மாவைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

நாங்கள் மூன்று பேர் மிஞ்சினோம்.

அம்மா குசினிக்குள் வந்து பலகையில் இருந்தாள். றெஜினா அவளுக்கு முன்னால் போய் நிலத்தில் இருந்தாள். எனக்கு உடனே விளங்கிவிட்டது. வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"அம்மா, நீங்க எனக்காக அதைக் குடிச்சீங்க. இதுக்கு மேல உங்ககிட்ட பொய் சொல்ல எனக்கு முடியாதுங்க."

"என்ன பொய்?"

"நான் உங்க மருமகளுங்க. ஜனவரியில கல்யாணம் முடிஞ்சிருச்சு. அவரு உங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இருக்காரு."

அடுப்பில் விறகு சரிந்து விழுந்த சத்தம் கேட்டது. அம்மா அவளைப் பார்த்தபடியே இருந்தாள். பிறகு மெல்லத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியுமோ?"

நான் ஓம் என்று சொல்லி முடிக்கவில்லை. அடி விழுந்தது. கதவு நிலையில் போய் மோதினேன்.

"நீயும் சேந்தோ? வீட்டிலை எல்லாரும் சேந்து என்னை விசரியாக்கினியளோ?"

"அவளை அடிக்காதீங்கம்மா. என்னை அடிங்க."

"உன்னை ஏன்ரி நான் அடிக்க? உன்னிலை கை வைக்க நீ எனக்கு ஆர்?" என்று சொல்லத் தொடங்கியவள் நிறுத்திவிட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் இப்போது இருந்தது. அவளே நாலு பேருக்கு முன்னால் குடித்துக் காட்டிய பதில்.

தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"நான் உனக்காகக் குடிக்கேல்லைப் பிள்ளை. அதை முதல் விளங்கிக்கொள். எனக்காகக் குடிச்சனான். எங்கடை அம்மாவுக்காகக் குடிச்சனான். நீ ஆரெண்டு தெரிஞ்சிருந்தால்..."

"தெரிஞ்சிருந்தா குடிச்சிருக்க மாட்டீங்களா?"

அம்மா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். சொல்லவில்லை. சரிந்த விறகை அடுப்புக்குள் தள்ளினாள். அந்த நேரம் முழுக்க றெஜினா கண்ணை எடுக்காமல் இருந்தாள். அழவும் இல்லை.

"குடிச்சதை இனித் துப்பேலாது" என்றாள் அம்மா கடைசியில். அன்பாகச் சொன்னாள் என்று நினைத்துவிடாதீர்கள். கடலில் வலையைத் தொலைத்துவிட்டு வந்தவன் மாதிரிச் சொன்னாள். "அவன் வரட்டும். பெத்த தாய்க்குச் சொல்லப் பயந்து கடலுக்கை ஒளிச்சிருக்கிறான், கோழை. பெண்டிலை முன்னுக்கு விட்டுட்டு ஒளிச்சிருக்கிறான். வரட்டும், தோலை உரிக்கிறன்."

ஆனால் அண்ணா வரவில்லை. எழுவைதீவுக் கடைசி வள்ளம் வந்து, ஆட்களை இறக்கிவிட்டுக் கட்டியும் ஆயிற்று. நான் இறங்குதுறைவரை சைக்கிளில் போய்ப் பார்த்தேன். காற்று அப்படி வீசியது. அண்ணாவும் இல்லை, அவனுடைய மச்சானும் இல்லை. "அவங்கள் மத்தியானமே வேறை வள்ளத்திலை வெளிக்கிட்டவங்களே" என்றார் வள்ளத்து ஓட்டி. எங்கே என்று அவருக்கும் தெரியவில்லை. இதை நான் இன்னும் வீட்டில் சொல்லவில்லை. வள்ளம் இன்றைக்கு இல்லையாம் என்று மட்டும் சொன்னேன். வேறு யாரிடம் நான் இதைச் சொல்லுவேன்?

றெஜினா அறையின் மற்ற மூலைப் பாயில் முழித்துக் கிடக்கிறாள். மூச்சை வைத்தே தெரிகிறது.

பொறுங்கள். ஒழுங்கையில் வெளிச்சம் திரும்புகிறது. வான்தான். கதவு அடித்துச் சாத்துகிற சத்தம். படலை கிரீச்சிடுகிறது.

அப்பா கொஞ்சம் குடித்திருக்கிறார். செருப்பு இழுபடுகிறது.

"அந்தப் பெட்டை இன்னும் உள்ளுக்கோ?" என்று முற்றத்தில் நின்றே கத்துகிறார். "வெளியாலை அனுப்பு அவளை! அக்காவோடை கதைச்சுப்போட்டு வந்திருக்கிறன். நாளைக்கு நாங்கள் போய் மன்னிப்புக் கேட்டால் எல்லாம் சரி. முதல் அவளை அனுப்பு!"

கதிரை பின்னுக்குத் தள்ளப்படுகிறது. அம்மா எழும்பிவிட்டாள்.  றெஜினா எழுந்து இருந்துவிட்டாள்.

அம்மா குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிறாள். ஆனால் ஒவ்வொரு சொல்லும் அறைக்குள் கேட்கிறது.

"ஜொய்சி, அடுப்பை மூட்டு. என்ரை மருமேளை எழுப்பு. கொப்பருக்கு ஒரு தேத்தண்ணி ஊத்தச் சொல்லு."